பிணை நிற்க ஆள்: செண்டாயான் தோட்டங்களும் விசாரணைக்கு முந்தைய விடுதலையும்

மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பில் 388-ஆவது பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றத்தை ஒருவர் செய்திருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் தென்பட்டால், விசாரணைக்கு முன் அவரைப் பிணையில் விடலாகாது என்று விதிக்கிறது; பதினாறு வயதுக்கு உட்பட்டவர், பெண், நோயுற்றவர் அல்லது உடல் தளர்ந்தவர் ஆகியோருக்கு மட்டும் நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி விலக்களிக்கலாம் என்று அதே பிரிவின் காப்புரை சேர்த்துச் சொல்கிறது. சிரம்பானுக்குத் தென்மேற்கே, போர்ட் டிக்சன் செல்லும் வழியில் பரந்திருந்த செண்டாயான், சிலியாவ், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கும், கொலை போன்ற வழக்கொன்றில் சிக்கிய போதெல்லாம், இந்த வாசகமே சட்டமாக இருந்தது. எழுத்திலுள்ள இந்த விதிக்கு அப்பால், தோட்டத்து மனிதரின் விடுதலையைத் தீர்மானித்த இன்னொரு கேள்வியும் இருந்தது: அவருக்குப் பிணை நிற்க யார் இருக்கிறார்? அந்தக் கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைப் பின்தொடர்ந்தால், தோட்டச் சமூகத்தில் யார் கையில் என்ன இருந்தது என்பதும் உடன் தெரியவரும்.

"பிணை" என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கட்டு, இணைப்பு என்பன அடிப்படைப் பொருள்கள். ஒருவருடைய கடனுக்காகவோ வருகைக்காகவோ இன்னொருவர் தம்மைக் கட்டிக்கொள்வதால் அச்சொல் பொறுப்பேற்றலையும் குறித்தது. பேச்சில் நிலைபெற்ற "ஜாமீன்" அரபு மூலமுடையது. பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தமிழகத்துக் கச்சேரிகளுக்குள் வந்து சேர்ந்தது. மலாய் மொழியின் "ஜாமின்" என்பதும் அதே அரபு வேரிலிருந்து கிளைத்தது. ஆகையால், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி வந்த ஒரு தொழிலாளிக்குச் சிரம்பான் நீதிமன்ற வாசலில் காதில் விழுந்த அந்நியச் சொற்களுள், எவரும் விளக்காமலே புரிந்த சொல் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சொல்லைப் போலவே சட்டமும் இந்தியாவிலிருந்து வந்ததே. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் 1896-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களாக ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்த பின், பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் முன்மாதிரியாகக் கொண்டே இங்கும் சட்டங்களை இயற்றினர். 1898-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தில் 497-ஆவது பிரிவு, பிணையில் விடத்தகாதவை என்று வகைப்படுத்தப்பட்ட குற்றங்கள் அனைத்துக்கும் பொதுவான தடையொன்றை வைத்திருந்தது. 1923-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தத் தடையை மரண தண்டனைக்கும் ஆயுட்கால நாடுகடத்தலுக்கும் உரிய குற்றங்களோடு நிறுத்திக்கொண்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் 1926-இல் உருவான கூட்டரசு மலாய் மாநிலங்களின் நடைமுறைச் சட்டம், திருத்தப்பட்ட இந்த வடிவத்தையே ஏற்றது. "பிணையில் விடத்தகாத குற்றம்" என்ற பெயர் பலரையும் மயக்கியிருக்கிறது. பிணையில் விடத்தக்க குற்றத்தில் பிணை என்பது குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை. விடத்தகாத குற்றத்தில் அது நீதிபதியின் தீர்மானத்துக்கு உட்பட்டது. அவ்வகையிலும் மிகக் கொடிய சில குற்றங்களில் மட்டுமே அந்தத் தீர்மானத்தின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, பிணை கேட்டே பார்க்காமல் சிறையில் இருந்தவர்கள் தோட்டப்புறத்தில் இருந்திருப்பார்கள் என்று கருதுவதில் தவறில்லை.

நெகிரி செம்பிலானின் மண்ணுக்கு இதைவிடப் பழைய ஒரு நீதிமுறையும் உண்டு. மினாங்கபாவ் மரபில் வந்த அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி வழக்காற்றுச் சட்டத்தில், ஒருவர் செய்த குற்றத்துக்கு அவருடைய சூக்கு, அதாவது தாய்வழிக் குலம், பொறுப்பேற்றது. காயப்படுத்தினால் இழப்பீடு, கொன்றால் ஈட்டுக்கு ஈடு என்று குலங்களுக்கிடையே கணக்குத் தீர்க்கப்பட்டது. லெம்பாகா எனப்பட்ட குலத்தலைவர் தம் மக்களுக்காகப் பதில் சொன்னார். பிறப்பினாலேயே பிணையாளர் வாய்த்த சமூகம் அது என்று சொல்லலாம். அதே மண்ணில், அதே காலத்தில், சில மைல் தொலைவில் லயத்து வீடுகளில் குடியேறிய தமிழருக்கு அத்தகைய குலம் கடலுக்கு அப்பால் இருந்தது.

சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு 1891-இல் இருப்புப் பாதை போடப்பட்ட பின்னும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறிய பின்னும், இந்த வட்டாரத்தின் காடுகள் வேகமாகத் தோட்டங்களாயின. அங்கே வந்த முதல் தலைமுறைத் தொழிலாளிக்கும் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் ஏற்பட்ட முதல் உறவு கவனிக்கத்தக்கது. ஒப்பந்த முறையில் வந்தவர் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு நீங்கினால் அது குற்றமாகக் கருதப்பட்டது. பிடியாணை பிறந்தது, பிடிபட்டவர் தண்டிக்கப்பட்டார். 1910-இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. தொழில் ஒப்பந்தத்தை மீறுவதற்கான தண்டனை விதிகள் 1920-களின் தொடக்கத்தில் விலக்கப்பட்டன. ஆனால் அதுவரை நீதிமன்றப் பதிவுகளில் தோட்டத் தமிழர் பெருமளவில் இடம்பெற்றது "ஓடிப்போனவர்" என்ற பெயரில்தான். பிணை வழங்கும் நீதிபதி முதலில் எடைபோட வேண்டியது, இவர் ஓடிப்போவாரா என்பதை. கூலிக்கும் அடிக்கும் தப்பி அடுத்த தோட்டத்துக்குப் போனவரையும், விசாரணைக்கு அஞ்சித் தலைமறைவாகக் கூடியவரையும் ஒரே சொல்லால் குறித்த ஒரு நிர்வாகம், அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே ஒரு விடையை வைத்திருந்தது.

உண்மையில் தோட்டத் தொழிலாளியைப்போல் எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் நாட்டில் வேறு எவரும் இல்லை. விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்குக் களத்தில் அவர் நிற்க வேண்டும். கிராணி செக்ரோல் பேரேட்டில் அவர் பெயரைக் குறிப்பார். எந்த நிரையில் பால்மரம் சீவுகிறார் என்பது மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளருக்குத் தெரியும். எந்த லயத்தில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்பது தோட்ட மேலாளரான துரையின் அலுவலகத்தில் எழுதப்பட்டிருக்கும். இவ்வளவு கணக்குக்குள் வாழ்ந்தவர் நீதிமன்றப் படியேறியதும் நிலையான முகவரியற்றவராக ஆனதற்குக் காரணம், வீடு அவருடையதாக இல்லாததே. வேலை போனால் வீடும் போகும்; கைதானவர் பெரட்டுக்கு வராதவர்; வராதவரின் பெயரைச் செக்ரோலிலிருந்து அடிக்கத் தோட்டத்துக்கு நீண்ட காலம் தேவைப்படவில்லை. பிணைக்குத் தகுதியாக நீதிமன்றம் கேட்ட வேரை, கைது என்ற நிகழ்ச்சியே பிடுங்கிவிட்டது.

இந்த நிலையில் பிணை நிற்கத் தக்கவராக இருந்தோர் மிகச் சிலர். ஆட்களைத் தம் ஊரிலிருந்து திரட்டி வந்து, அவர்களுக்கு முன்பணம் கொடுத்து, வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்ற கங்காணி ஒருவர். அலுவலகத்துப் பெரிய கிராணி இன்னொருவர். எல்லோருக்கும் மேலே துரை. சிறிய வழக்குகளில் கங்காணியின் சொல் போதியதாக இருந்தது. அது உதவியாக இருந்த அளவுக்குப் பிடியாகவும் இருந்தது. ஏற்கெனவே கடன்பட்டிருந்த ஒருவர், பிணை எடுத்துவிட்ட நன்றிக்கும் சேர்த்துக் கடன்பட்டார். கொலை, கொடுங்காயம் முதலிய பெரிய வழக்குகளில் கங்காணியின் சொல்லுக்கு மதிப்பில்லை. துரையோ, தம் தோட்டத்தின் ஒழுங்கைக் குலைத்தவருக்காக நீதிமன்றம் வருவதற்கு எந்தக் காரணமும் இல்லாதவர். குற்றம் மண்டோர் ஒருவரையோ துரையையோ தாக்கியதாக இருந்துவிட்டால், பிணை நிற்கக்கூடியவர்கள் அனைவரும் எதிர்த்தரப்பில் இருந்தார்கள்.

நீதிமன்றங்கள் எவற்றை எடைபோட்டன என்பது 1948-இல் மலாயாவின் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஒரு முடிவில் தெளிவாகச் சொல்லப்பட்டது. இன்றுவரை வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் பட்டியல் அது. குற்றத்தின் தன்மை, விதிக்கத்தக்க தண்டனையின் கடுமை, தலைமறைவாகும் அச்சம், குற்றம் மீண்டும் நிகழும் அபாயம், சாட்சிகள் கலைக்கப்படும் வாய்ப்பு, விசாரணை நெடுநாள் தள்ளிப்போகுமா என்பது, எதிர்வாதத்தைத் தயாரிக்க வேண்டிய வசதி ஆகியவற்றோடு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் குணநலமும் பொருள்வளமும் சமூக நிலையும் அதில் இடம்பெற்றன. இப்பட்டியலில் பெரும்பாலானவை எவருக்கும் பொதுவானவை. குற்றமற்றவர் என்று சட்டம் கருதும் ஒருவர் தம் தற்காப்பை ஏற்பாடு செய்துகொள்ளும் தேவையை அது நினைவில் வைத்திருப்பது அதன் சிறப்பு. ஆனால் பொருள்வளம், சமூக நிலை என்ற இரண்டு சொற்களின் முன் லயத்து வீட்டிலிருந்து வந்தவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பிணைத்தொகை அளவுக்கு மீறியதாக இருக்கலாகாது என்று 389-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. அளவு என்பது குற்றத்துக்கு ஏற்ற அளவா, பையிலுள்ள காசுக்கு ஏற்ற அளவா என்பது ஒவ்வொரு நீதிபதியின் மனத்திலும் வெவ்வேறாக இருந்தது.

அந்தத் தீர்ப்பு வெளியான அதே 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாடெங்கும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றி இரண்டாண்டு வரை தடுத்து வைக்கும் அதிகாரம் வந்த பிறகு, பிணை பற்றிய கேள்விக்கே பல வழக்குகளில் இடமில்லாமல் போயிற்று. ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மார்ச்சில் கைதான தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அதே மாதத்தில் மரண தண்டனை பெற்று, மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாதமே. தடுப்புக்காவல் தோட்டங்களில் விதைத்த அச்சத்துக்கிடையே, நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றத் தொடங்கிய பி.பி. நாராயணன் போன்றோர் சட்டத்துக்கு உட்பட்ட தொழிற்சங்கத்தைக் கட்டி, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினர். தொழிலாளிக்காகத் துரையின் முன்னும் அதிகாரியின் முன்னும் பேசக்கூடிய ஆள், கங்காணிக்கு வெளியே, நிலையாகக் கிடைத்தது இதன் வழியாகத்தான்.

388-ஆவது பிரிவின் காப்புரை எப்படிப் படிக்கப்பட்டது என்பதற்கு 1967-இல் வெளியான ஓர் உயர்நீதிமன்ற முடிவு முக்கியமான சான்று. கொலைக் குற்றச்சாட்டை எதிர்கொண்ட ஒரு பெண், பத்துப் பிள்ளைகளின் தாய்; அவர்களுள் ஒன்று பால்குடி மாறாத கைக்குழந்தை. பெண் என்பதால் காப்புரை அவருக்குப் பொருந்தியது. இருந்தும், மரண தண்டனைக்குரிய வழக்கில் அசாதாரணமான, மிகச் சிறப்பான காரணங்கள் இருந்தால் மட்டுமே பிணை தரலாம் என்றும், பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் ஒன்று கைக்குழந்தை என்பதும் அத்தகைய காரணமாகா என்றும் நீதிமன்றம் கருதியது. காப்புரையின் வாசகத்தில் "அசாதாரணம்", "மிகச் சிறப்பு" என்ற சொற்கள் எங்கும் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் பெண்ணையும் சிறாரையும் நோயாளியையும் தனியே குறித்தது, அவர்கள் சிறையில் படும் துன்பம் மற்றவர்களுடையதைவிட மிகுதி என்பதால். அந்தத் துன்பத்தை மீண்டும் நிறுத்துப் பார்த்து, அது போதாது என்று சொல்வது, வழங்கப்பட்ட விலக்கை மறுகையால் திரும்ப வாங்குவதாகும். முப்பதாண்டுகளுக்கும் மேலாக அந்த வாசிப்பு செல்வாக்குடன் இருந்தது. 1999-இல் வெளியான ஒரு தீர்ப்பில் நீதிபதி கே.சி. வோரா அந்தக் கடுமையிலிருந்து விலகினார். 2002-இல் கோலாலம்பூரில் கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட 81 வயது மூத்த வழக்கறிஞர் ஒருவருக்கு, முதுமையும் உடல்நிலையும் கருதி நீதிபதி அகஸ்டின் பால் பிணை வழங்கினார். முடிவு சரியானதே, மறுவருடம் அவர் விடுதலையும் பெற்றார். ஆயினும் 1967-இன் தாயையும் 2002-இன் வழக்கறிஞரையும் ஒரே காப்புரையின் கீழ் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாசகருக்கு, இடையில் மாறியது சட்ட விளக்கம் மட்டும்தானா என்ற ஐயம் எழாமல் இராது.

காலதாமதமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. 1995-இல் நீக்கப்படும்வரை, உயர்நீதிமன்ற வழக்குகளில் முதலில் மாஜிஸ்திரேட் முன் ஆரம்ப விசாரணை நடந்து, வழக்குக்குப் போதிய ஆதாரம் உண்டு என்று கண்ட பிறகே அது மேலே அனுப்பப்பட்டது. பிணை இல்லாதவர் இந்த இரு படிகளையும் சிறையிலிருந்தபடியே கடந்தார். இந்தியாவில் 1973-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும், குறித்த நாள்களுக்குள், குற்றத்தின் கடுமைக்கேற்ப அறுபது அல்லது தொண்ணூறு நாள்களுக்குள், காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் காவலில் உள்ளவர் பிணைபெற உரிமையுடையவர் என்று வகுத்தன. ஒரே தாய்ச் சட்டத்தின் இரு பிள்ளைகளுள், மலேசியச் சட்டம் அந்த வழியில் செல்லவில்லை.

ஏழைக்குப் பிணை கிடைத்தும் பயன் கிடைக்காத நிலையை இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் மோத்தி ராம் வழக்கில் நேராகப் பேசியது. கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் பிணையாளராக அவரை ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைக் கடிந்து, தென்னாட்டு மொழி பேசும் ஒருவர் வடநாட்டு ஊரில் கைதானால் உள்ளூர்ப் பிணையாளருக்கு எங்கே போவார் என்று கேட்டு, தொகையை ஆயிரமாகக் குறைத்தார். செண்டாயான் வட்டாரத்துத் தோட்டங்களில் அரை நூற்றாண்டாக நிலவிய நிலையும் இதுதான். மலேசிய நடைமுறையில் பிணையாளர் குடியுரிமை பெற்றவராகவும், வருமானச் சான்று காட்டக்கூடியவராகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தொகையை வங்கியில் போட்டு, அந்தச் சேமிப்புப் புத்தகத்தை நீதிமன்றத்தில் ஒப்படைப்பதும் வழக்கம். விடுதலைக்குப் பின் குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோன தோட்டத் தமிழர்கள், 1969-ஐ ஒட்டி வேலை அனுமதிக் கட்டுப்பாடு வந்தபோது பல்லாயிரக்கணக்கில் தமிழகம் திரும்பினர். எஞ்சியோரிடையே, சான்றுக் கையெழுத்திடும் அதிகாரியையோ சேமிப்புப் புத்தகம் வைத்திருக்கும் உறவினரையோ தேடுவது எளிதாக இருக்கவில்லை. தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒருசேர இழந்தவர்களுக்கு அது இன்னும் கடினமாயிற்று. கைதானவருக்கு நீதிமன்றத்தில் இலவசமாகப் பேச வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை 2012-இல்தான் பணியைத் தொடங்கியது.

ரப்பரிலிருந்து செம்பனைக்கும், செம்பனையிலிருந்து வீடமைப்புக்கும் மாறிய செண்டாயான் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் நகரம். தொழிற்பூங்காவும் விமானப்படைத் தளமும் அங்கே இருக்கின்றன. பழைய லயத்தாரின் பேரப்பிள்ளைகள் பலருக்கு இன்று வீட்டுக் கடன் ஆவணமும் சம்பளச் சீட்டும் உண்டு. பிணை நிற்க ஆளுக்காகக் கங்காணியைத் தேடிய காலம் மறைந்துவிட்டது. ஆனால் பிணைக்கான கேள்வியின் மற்றொரு பாதி, குற்றச்சாட்டுக்கு அரசு சூட்டும் பெயர், இந்த நூற்றாண்டில் முன்னுக்கு வந்தது. 2007 நவம்பர் 25 அன்று, இந்து உரிமைப் பேரணி நாளில், பத்துமலைக் கோவில் வளாகத்தில் நடந்த மோதலை ஒட்டி 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டது. கொலை முயற்சி ஆயுள் தண்டனைக்கு உரியதன்று. எனவே பிணை தர ஷா ஆலாம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் இருந்தது. சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் தாமே வந்து எதிர்த்தார், பிணை மறுக்கப்பட்டது. டிசம்பர் 17 அன்று அதே சட்டத்துறைத் தலைவர் கொலை முயற்சிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பேரணிக்கு இரண்டு நாள் முன்பு கிள்ளான் நீதிமன்றத்தில் தேச நிந்தனைக் குற்றஞ்சாட்டப்பட்ட, பேரணித் தலைவர்களுள் ஒருவரான பி. வேதமூர்த்தி, கிடைத்த பிணையைக் கட்ட மறுத்துச் சிறைக்குச் சென்றார் என்பதும் இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. பிணை கிடைக்காமல் தவித்த ஒரு சமூகத்தில் பிணையை வேண்டாம் என்பதே ஓர் எதிர்ப்பு மொழியானது அரிய நிகழ்வு.

2019 அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்தை ஆதரித்ததாகப் பன்னிருவர் சொஸ்மா எனப்படும் 2012-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தின் கீழ்க் கைதானார்கள். அவர்களுள் மலாக்காவின் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதனும், செண்டாயானுக்கு அண்மையிலுள்ள சிரம்பான் ஜெயா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் இருந்தனர். சொஸ்மாவின் 13-ஆவது பிரிவு, சிறார், பெண், நோயாளி தவிர மற்றவர்க்குப் பிணையே இல்லை என்கிறது. 388-ஆவது பிரிவு நீதிபதியிடம் விட்டுவைத்த "நியாயமான காரணம்" என்ற ஆய்வையும் அது பறித்தது. 2019 நவம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான், பிணையைத் தீர்மானிப்பது நீதித்துறையின் அதிகாரம், அதை நாடாளுமன்றம் முழுவதுமாக அகற்ற இயலாது என்று கூறி, 13-ஆவது பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். வேறு நீதிபதிகள் மாறான முடிவுக்கு வந்தனர். சாட்டப்பட்ட குற்றம் ஆயுள் தண்டனைக்கும் உரியது என்பதால், சொஸ்மாவின் தடை விழுந்தாலும் அதற்குப் பின்னே 388-ஆவது பிரிவு நின்றது. பழைய கங்காணிக் காலத்துத் தொழிலாளிக்கு இல்லாதிருந்த முகவரி, வருமானம், சமூக நிலை அனைத்தும், மக்கள் வாக்களித்த பதவியும்கூட, இவ்விரு உறுப்பினர்களிடமும் இருந்தன. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் பன்னிருவர் மீதும் வழக்கைக் கைவிடுவதாக அறிவித்தபோது, சிரம்பான் ஜெயா உறுப்பினர் நான்கு மாதங்களுக்கு மேல் காவலில் இருந்துவிட்டிருந்தார். அவருடைய வழக்கின் விசாரணை அதுவரை தொடங்கியிருக்கவில்லை.